அரங்க வாசல்: ஊருக்குள் ஒரு சின்ன அரங்கம் (வாசகர் கேள்வி – பதில்)

சென்ற இதழில் பெங்களூருவின் ரங்க சங்கரா அரங்கத்தைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அதைப் பிடித்துக்கொண்டு எழுதியவைதான். அதனால் ஒப்பனை, நடிப்புப் பயிற்சி பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்துவிட்டேன். இந்த முறை முழுக்க இடத்தைப் பற்றியே பேசுவோம். புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் நாடகங்களுக்கு விளக்கு அமைப்பவள். பெரிய சபா மேடைகளிலும் ஏணி ஏறியிருக்கிறேன், கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்திலும் ஏறியிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், சேலம்: ரங்க சங்கராவை ஒரு நடிகை கட்டினார் என்று எழுதியிருந்தீர்கள். தனியாள் ஒருவர் எப்படி அரங்கம் கட்ட முடியும்? அரசாங்கப் பணமா?

தனியாளாகக் கட்டவில்லை ஐயா. ஆனால் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றவர் ஒருவர்தான். அருந்ததி நாக். அவருடைய கணவர் சங்கர் நாக் கன்னடத் திரையுலகில் பெரிய பெயர். நம் ஊர்க்காரர்களுக்குத் தூர்தர்ஷனில் வந்த ‘மால்குடி டேஸ்’ தொடரின் இயக்குநர் என்றால் தெரியும். சினிமாவில் எவ்வளவு உயரம் போனாலும் அவருக்கு நாடகத்தின் மேல்தான் உயிர். நாடகக்காரர்கள் கட்டுப்படியாகும் வாடகையில் ஆடுவதற்கு பெங்களூருவில் ஒரு நல்ல அரங்கம் வேண்டும் என்பது அவர் ஆசை. 1990 செப்டம்பர் 30 அன்று தாவணகெரே பக்கம் நடந்த கார் விபத்தில் இறந்துபோனார். அப்போது அவருக்கு 35 வயது.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1992-ல், ‘சங்கேத்’ என்ற பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். ஜே.பி. நகரில் அரசிடமிருந்து குத்தகைக்கு நிலம் கிடைத்தது. அப்புறம் பணம். அரசு கொஞ்சம், கம்பெனிகள் கொஞ்சம், தனிமனிதர்கள் கொஞ்சம் என்று அருந்ததி கதவு கதவாகத் தட்டினார். 2004 அக்டோபர் 28 அன்றுதான் அரங்கம் திறந்தது. பன்னிரண்டு வருடம் ஐயா! கட்டடத்தை விட அந்தப் பன்னிரண்டு வருடம்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கட்டி முடித்த பிறகு அவர்கள் எடுத்த முடிவு இன்னொன்று. ‘நாளுக்கு ஒரு நாடகம்’. திங்கட்கிழமை விடுமுறை, மற்ற நாளெல்லாம் அங்கே நாடகம் உண்டு. நாடகத்தைத் தவிர வேறெதற்கும் மேடையைக் கொடுப்பதில்லை. கம்பெனி விழா, கட்சிக் கூட்டம், அரங்கேற்றம் எதுவும் கிடையாது. முந்நூறு பேருக்குச் சற்று அதிகமாக உட்காரலாம். அதற்கு மேல் பெரிதாகக் கட்ட ஆசைப்படவில்லை. இன்றைக்கு அந்த ஊர்க்காரர் ஒருவர் பேப்பர் பார்க்காமல், யாரையும் கேட்காமல், மாலை ஏழு மணிக்கு அங்கே போனால் போதும். ஏதோ ஒரு மொழியில் ஏதோ ஒரு நாடகம் ஓடும் என்ற நம்பிக்கை அவருக்கு இருக்கிறது. சீக்கிரம் போய்விட்டால் கேன்டீனில் அக்கி ரொட்டி சாப்பிட்டுக்கொண்டு காத்திருக்கலாம். இந்த நம்பிக்கைதான் அரங்கம். சுவரும் கூரையும் அதற்குத் துணை.

மென்பொருள் ஊழியர், சென்னை: ஒரு சின்ன அரங்கத்துக்கு டிக்கெட் வாங்கிக்கொண்டு போனேன். போக்குவரத்து நெரிசலில் ஐந்து நிமிடம் தாமதம். உள்ளே விடவே இல்லை. இது திமிர் இல்லையா?

கோபம் புரிகிறது தம்பி. ஆனால் நான் கதவுக்கு உள்ளே இருக்கும் ஆள். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

நாடகம் தொடங்கும்போது அரங்க விளக்கை மெதுவாக அணைக்கிறோம். முழு இருட்டு. கண்ணுக்கு இருட்டு பழக நேரம் எடுக்கும். அதற்காகவே பல நாடகங்களில் முதல் காட்சியை மிகக் குறைந்த வெளிச்சத்தில் வைப்போம். ஒரு மூலையில் ஒரே ஒரு விளக்கு, அதுவும் கால்வாசி. அந்த வெளிச்சத்தில் ஒரு நடிகையின் கையை மட்டும் பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்த நேரம் பின்கதவு திறந்தால், வராந்தாவின் ட்யூப்லைட் வெளிச்சம் மேடை வரைக்கும் நீளமாக வந்து விழும். நூறு தலை திரும்பும். பழகியிருந்த கண்ணெல்லாம் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வந்தவர் செல்போன் வெளிச்சத்தில் இருக்கை தேடுவார். சின்ன அரங்கத்தில் நடிகைக்கும் முதல் வரிசைக்கும் இடையே நாலு அடிதான் இருக்கும். அவருக்கு வசனம் மறந்துபோனால் யார் பொறுப்பு? சில இடங்களில் பார்வையாளர் வரும் கதவும் நடிகர் நுழையும் கதவும் ஒன்றே. நீங்கள் உள்ளே வரும் நேரத்தில் ஒரு ராஜா ஓடி வருவார்.

மும்பை பிருத்வி தியேட்டரிலும் பெங்களூரு ரங்க சங்கராவிலும் இந்த விதி கறாரானது. எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் மணி அடித்துக் கதவைச் சாத்தினால் சாத்தியதுதான்.

அதே சமயம், கதவருகே நிற்பவருக்கும் ஒரு கடமை உண்டு என்பேன். டிக்கெட்டில் ‘தாமதமாக வந்தால் அனுமதி இல்லை’ என்று கொட்டை எழுத்தில் போட வேண்டும். திருப்பி அனுப்பும்போது தண்ணீர் கொடுத்து, மறுநாள் காட்சி இருந்தால் இடம் தர வேண்டும். முகத்தைச் சுளிப்பது கூடவே கூடாது. உங்களை அப்படி நடத்தினார்கள் என்றால் அது தவறு. கதவைச் சாத்தியது தவறில்லை.

சகோதரர்கள் இருவர், பட்டுக்கோட்டை: தாத்தாவின் அரிசி மில் கிடங்கு சும்மா கிடக்கிறது. 60 அடி நீளம், 32 அடி அகலம், தகரக் கூரை 18 அடி உயரம். நாடகம், வாசிப்பு, குழந்தைகள் நிகழ்ச்சி எல்லாம் நடத்தும்படி ஓர் அரங்கமாக மாற்ற ஆசை. கையில் பெரிய பணம் இல்லை. எதில் தொடங்குவது?

உங்கள் கடிதத்தை என்னோடு வேலை செய்யும் பிள்ளைகளிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். 18 அடி உயரம் என்றதும் ஒரு பையன் கைதட்டினான். நகரத்தில் இந்த உயரத்துக்கு நாங்கள் ஏங்கிக் கிடக்கிறோம்.

முதல் செலவு மேடையில் இல்லை. வெளியேறும் வழியிலும் கழிப்பறையிலும். கிடங்குக்குப் பெரும்பாலும் ஒரே ஒரு பெரிய கதவுதான் இருக்கும். எதிர்ப்பக்கச் சுவரில் இன்னொரு கதவு உடையுங்கள். இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நாடகம் நடக்கும்போது பூட்டு தொங்கக் கூடாது. தகரம் சுடும் என்று யாராவது கீற்று வேயச் சொல்வார்கள். வேண்டாம். 2004-ல் கும்பகோணத்தில் கீற்றுக் கூரை பற்றி எரிந்து 94 பிள்ளைகளைப் பறிகொடுத்த மாவட்டம் உங்களுடையது. நான் கூடுதலாகச் சொல்ல வேண்டியதில்லை. உள்ளாட்சி அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் என்னென்ன அனுமதி தேவை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அதன்படி செய்யுங்கள். பெண்களுக்குச் சுத்தமான, தாழ்ப்பாள் சரியாக விழும் கழிப்பறை இல்லாத அரங்கத்துக்கு இரண்டாவது முறை குடும்பத்தோடு யாரும் வர மாட்டார்கள். நடிகைகள் உடை மாற்ற ஒரு பூட்டக்கூடிய அறையும் வேண்டும்.

இடத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். பின்னால் 10 அடி பின்னரங்கத்துக்கு. அடுத்த 20 அடி நடிக்கும் இடம். 25 அடி பார்வையாளர்களுக்கு. வாசல் பக்கம் மிச்சம் 5 அடியில் செருப்பு, டிக்கெட் மேசை. இரண்டு ஓரமும் நாலு நாலு அடி நடைபாதை விட்டால் நூறு பேர் தாராளமாக உட்காரலாம். நூறு போதும். உங்கள் ஊரில் மாதம் ஒருமுறை நூறு பேர் நாடகம் பார்க்க வருவது சின்ன விஷயம் இல்லை.

மேடை கட்டாதீர்கள். தரையிலேயே நடிக்கட்டும். அதற்குப் பதில் பார்ப்பவர்களை உயர்த்துங்கள். முன்னால் பாய், அடுத்து ஓரடி உயர பெஞ்சு, அதற்குப் பின்னால் நாற்காலி, கடைசி வரிசைகளில் ஒன்றரை அடி மரப்பலகைத் தளத்தின் மேல் நாற்காலி. தெருக்கூத்தில் இதுதானே நடக்கிறது? சின்னப் பிள்ளைகள் மண்ணில், பெரியவர்கள் திண்ணையில், இளவட்டங்கள் டிராக்டர் மேல். யாருக்கும் யாருடைய தலையும் மறைக்காது. மேடை கட்டிவிட்டால் அது அங்கேயே நிற்கும். தரை என்றால் ஒரு நாள் நடுவில் வட்டமாக ஆடலாம், இன்னொரு நாள் நீளவாக்கில் ஆடலாம்.

சத்தம் அடுத்த பிரச்சினை. நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கை தட்டுங்கள். தட்டியது திரும்பத் திரும்பக் கேட்டால் வசனம் ஒன்றோடொன்று கலந்து குழம்பும் என்று அர்த்தம். சுவரில் முட்டை அட்டை ஒட்டச் சொல்லி யாராவது வருவார்கள். அது வெளியிலிருந்து வரும் சத்தத்தை நிறுத்தாது, தீப்பிடிக்கவும் வழி. கனமான துணியைச் சுவரிலிருந்து அரையடி தள்ளி, மடிப்பு மடிப்பாகத் தொங்க விடுங்கள். பழைய ஜமுக்காளம்கூடப் பயன்படும். எந்தத் துணியாக இருந்தாலும் விளக்கின் பக்கம் போகக் கூடாது. தகரத்தின் மேல் மழை விழும் சத்தத்துக்கு மட்டும் மலிவான வைத்தியம் கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில் வாசிப்பும் பாட்டும் வைத்துக்கொண்டு, பெரிய நாடகங்களைத் தை மாதத்துக்குப் பிறகு வையுங்கள்.

இனி என் பகுதி. பழைய ஆயிரம் வாட் ஹாலஜன் விளக்கு ஒன்று நாலு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். பன்னிரண்டு போட்டால் வீட்டு இணைப்பில் ஃபியூஸ் போய்விடும். எல்.இ.டி. பார் (PAR) மேடை விளக்கு எட்டு வாங்குங்கள், தொடங்குவதற்குப் போதும். நடிக்கும் இடத்துக்கு மேலே, குறுக்கே இரண்டு ஜி.ஐ. பைப் கட்டுங்கள். ஒவ்வொரு விளக்கும் பைப்பில் கிளாம்பு போட்டு, கூடவே ஒரு பாதுகாப்புச் சங்கிலியும் போட்டுத்தான் தொங்க வேண்டும். சங்கிலி இல்லாத விளக்குக்குக் கீழே நான் யாரையும் நிற்க விட மாட்டேன். முகத்துக்கு நேராக வெளிச்சம் அடிக்காமல், இடமும் வலமுமாக 45 டிகிரி சாய்வில் முன்னாலிருந்து வரட்டும். பின்னாலிருந்து இரண்டு விளக்கு தோளில் விழுந்தால் ஆள் பின்திரையிலிருந்து தனியாகப் பிரிந்து தெரிவார்.

ஹாலஜன் காலத்தில் நாங்கள் ஃபோகஸ் பார்ப்பது எப்படித் தெரியுமா? நடிகர் நிற்கும் இடத்தில் நானே போய் நின்று, கண்ணை மூடிக்கொண்டு, மெதுவாக அசைவேன். முகத்தில் சூடு எங்கே அதிகமாகப் படுகிறதோ அதுதான் வெளிச்சத்தின் நடு. மேலே ஏணியில் இருப்பவரிடம் “அவ்வளவுதான், இறுக்கு” என்று சொல்வேன். எல்.இ.டி.யில் அந்தச் சூடு இல்லை. அதனால் உங்கள் தம்பியை நிற்க வைத்து, நீங்கள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அவர் கண் தெரிகிறதா என்று பாருங்கள். மூக்குக்குக் கீழே கறுப்பாக நிழல் விழுந்தால் விளக்கு ரொம்பத் தலைக்கு மேலே இருக்கிறது.

வயரிங்கை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள். எர்த் சரியாக இல்லாமல் ஒரு விளக்கையும் ஏற்றாதீர்கள். ஈர நெல்லும் தூசியும் பார்த்த கட்டடம் அது.

நாடகக் குழு உறுப்பினர், மதுரை: டிக்கெட் போட்டால் கூட்டம் வரவில்லை. இலவசமாக நடத்தி, கடைசியில் துண்டு ஏந்தலாமா?

துண்டு ஏந்துவதில் ஒரு கௌரவக் குறைவும் இல்லை. பிருத்விராஜ் கபூர் 1944-லிருந்து 1960 வரை ஊர் ஊராகத் தன் நாடகக் குழுவைக் கொண்டுபோனார். அவ்வளவு பெரிய சினிமா நட்சத்திரம், நாடகம் முடிந்ததும் வாசலில் துணிப்பையை விரித்துக்கொண்டு தலையைக் குனிந்து நிற்பாராம். சொந்தமாக ஓர் அரங்கம் வேண்டும் என்று ஜூஹுவில் இடம் பார்த்து வைத்தார். கட்டி முடிப்பதற்குள், 1972-ல் காலமானார். மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிஃபரும் 1978 நவம்பர் 5 அன்று அங்கே பிருத்வி தியேட்டரைத் திறந்தார்கள். இருநூறு பேர்தான் உட்காரலாம். மூன்று பக்கமும் பார்வையாளர்கள், கடைசி வரிசையிலிருந்தும் நடிகரின் நெற்றி வியர்வை தெரியும். மும்பையில் நடிக்க வந்த எத்தனையோ பேர் அந்தத் தரையில் நின்றுதான் தொழில் பழகினார்கள்.

ஆனாலும் என் யோசனை, டிக்கெட் போடுங்கள். ஐம்பது ரூபாயாவது போடுங்கள். காசு கொடுத்தவர் நேரத்துக்கு வருகிறார், பிடிக்காவிட்டால் கேள்வி கேட்கிறார். இரண்டும் நமக்கு வேண்டும். காசு கொடுக்க முடியாதவர்களை வாசலில் நிறுத்தாமல் உள்ளே விடுங்கள். ஒருவருக்கு 500 ரூபாய் வரையுள்ள நாடக டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, அந்தப் பயம் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் வேறொரு வரி என்னை உறுத்தியது. வாடகை கட்டியே குழு கரைந்துபோகிறது என்கிறீர்கள். அரங்கம் நடத்துகிறவர்களுக்குத்தான் இதைச் சொல்ல வேண்டும்: புதுக் குழுக்களிடம் மொத்த வாடகை கேட்காமல் வசூலில் பங்கு கேளுங்கள். பத்துப் பேர் வந்தால் இரண்டு பேருக்கும் நஷ்டம், நூறு பேர் வந்தால் இரண்டு பேருக்கும் லாபம். அப்போது அரங்கக்காரரும் சுவரொட்டி ஒட்ட இறங்குவார். வாடகையை முன்கூட்டியே வாங்கிவிட்டவருக்கு இருக்கை காலியாக இருந்தால் என்ன கவலை?

கல்லூரி மாணவர், நாகர்கோவில்: நாடகப் பிரதியைக் காவல் நிலையத்தில் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்று எங்கள் பேராசிரியர் சொல்கிறார். உண்மையா?

ஒரு காலத்தில் உண்மை. வெள்ளைக்காரன் 1876-ல் நாடகத்தைக் கட்டுப்படுத்த ஒரு சட்டம் போட்டான். சுதந்திரத்துக்குப் பிறகு 1954-ல் நம் மாநிலத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. அதைக் காட்டித்தான் பிரதியைக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஒத்திகை முடிந்து, டிக்கெட் விற்று, கடைசி நாள் வரை அனுமதித் தாளுக்காகக் காத்துக் கிடந்த குழுக்கள் எத்தனையோ. ‘பரீக்‌ஷா’ நாடகக் குழுவை நடத்திய ஞாநி இதை எதிர்த்து வழக்குப் போட்டார். 2013 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டத்தின் முக்கியமான பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று ரத்து செய்தது. 1876-ம் ஆண்டுச் சட்டமும் பின்னர் 2018-ல் நீக்கப்பட்டது. ஒரு சின்னக் குழுவின் தலைவர், கோடம்பாக்கத்துப் பலமோ கட்சிப் பலமோ இல்லாமல், நம் எல்லோருக்குமாக வாங்கிக் கொடுத்தது இது. ஒவ்வொரு நாடக மாணவரும் அவர் பெயரைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

பிரதியை முன்கூட்டிக் காட்டத் தேவையில்லை என்பதற்காக எந்த அனுமதியும் வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். தெருவிலோ பொது மைதானத்திலோ நடத்தினால் இடத்துக்கும் ஒலிபெருக்கிக்கும் அனுமதி வேண்டும். திறந்த வெளியில் இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது.

ஆசிரியை, திண்டுக்கல்: பள்ளி ஆண்டு விழாவுக்கு ஒரு எழுத்தாளரின் நாடகத்தைப் போடலாமா? உரிமை வாங்க வேண்டுமா?

எழுத்தாளர் காலமாகி அறுபது ஆண்டு கடந்திருந்தால் யாரும் போடலாம். இல்லையென்றால் அவரிடமோ குடும்பத்திடமோ ஒரு கடிதம் எழுதி அனுமதி கேளுங்கள். டிக்கெட் இல்லாமல் பள்ளிக்குள் நடத்துவதற்குச் சட்டத்தில் சலுகைகள் உண்டு. இருந்தாலும் கேட்பது மரியாதை. பெரும்பாலும் சந்தோஷமாகச் சரி என்பார்கள். சிலர் விழாவுக்கே வந்து உட்கார்வார்கள்.

விவசாயி, அறந்தாங்கி: இதெல்லாம் பெங்களூரு, மும்பைக் கதை. கிராமத்தில் இப்படி ஓர் இடம் நடக்குமா?

நடந்திருக்கிறது, அதுவும் எல்லாவற்றுக்கும் முன்னால். கர்நாடகத்தில் சிவமொக்கா மாவட்டம், சாகர் பக்கத்தில் ஹெக்கோடு என்று ஓர் ஊர். பாக்குத் தோட்டக்காரர்கள் ஊர். 1949-ல் அந்த ஊர்க்காரர்களே சேர்ந்து, மாலையில் தோட்ட வேலை முடித்துவிட்டு நாடகம் போட ஒரு சங்கம் வைத்தார்கள். நீலகண்டேஸ்வர நாட்டிய சேவா சங்கம். சுருக்கமாக நீனாசம். அதை வளர்த்தவர் கே.வி. சுப்பண்ணா. அவரும் பாக்கு விவசாயிதான், படித்த விவசாயி.

எழுபதுகளில் அந்தக் கிராமத்தில் திரைப்படச் சங்கம் ஆரம்பித்து ஜப்பானிய, இத்தாலிய, வங்காளப் படங்களைக் காட்டினார்கள். கூலி வேலைக்குப் போகிறவர்களும் உட்கார்ந்து பார்த்தார்கள். ‘இவர்களுக்குப் புரியாது’ என்று சுப்பண்ணா யாரையும் ஒதுக்கவில்லை. 1980-ல் அங்கேயே ஒரு நாடகப் பள்ளி. மாணவர்கள் தங்கிப் படிக்கும் ஓராண்டுப் படிப்பு. 1985-ல் ‘திருகாட்ட’ என்ற சுற்றுக் குழு. ஒவ்வொரு வருடமும் சில நாடகங்களைத் தயாரித்து, செட்டு, விளக்கு, சமையல் பாத்திரம் எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு கர்நாடகம் முழுக்க மாதக்கணக்கில் சுற்றுவார்கள். அக்டோபரில் ஒரு பண்பாட்டு முகாம் நடக்கும். பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து தங்கி, பகலில் விவாதம், இரவில் நாடகம். 1991-ல் சுப்பண்ணாவுக்கு மகசேசே விருது கொடுத்தார்கள். 2005-ல் அவர் மறைந்த பிறகும் வேலை நிற்கவில்லை.

ரங்க சங்கரா திறப்பதற்கு ஐம்பத்தைந்து வருடம் முன்னால் தொடங்கிய கிராமம் அது. அறந்தாங்கியில் முடியாது என்று நான் ஏன் சொல்லப் போகிறேன்? உங்கள் பக்கம் புதுக்கோட்டை முழுக்கத் திருவிழாவில் விடிய விடிய ஸ்பெஷல் நாடகம் பார்த்து வளர்ந்த ஜனங்கள். வள்ளி திருமணத்தில் நாரதர் எந்த இடத்தில் தடம் மாறிப் பாடினார் என்று சொல்லும் கிழவிகள் உள்ள மண். பார்க்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வருடம் முழுவதும் வந்து உட்கார ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான்.

முதுகலை மாணவி, திருச்சி: தமிழ்நாட்டில் சொல்லும்படி ஒன்றுமே இல்லையா?

இல்லாமல் என்னம்மா. 1977-ல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் பயின்ற முகங்களை நீங்கள் இன்று திரையில் பார்க்கிறீர்கள். சென்னை பெசன்ட் நகர் கடலோரம் சந்திரலேகா உருவாக்கிய ‘ஸ்பேசஸ்’, மரத்தடியும் மணலுமாக எத்தனையோ இளைஞர்களுக்கு நிழல் கொடுத்த இடம். புதுச்சேரியை ஒட்டி வீணாபாணி சாவ்லா அமைத்த ஆதிசக்தி இருக்கிறது. அங்கே நடிகர்கள் தங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள். ஏப்ரலில் அவர் நினைவாக விழா நடக்கிறது, சுற்று வட்டாரத்தார் வந்து பார்க்கிறார்கள். செய்யாறு பக்கம் புரிசையில் கண்ணப்பத் தம்பிரான் பரம்பரை கூத்துக் கற்றுக்கொடுக்கிறது. அவர் நினைவாக நடக்கும் விழாவில் கூத்தும் நவீன நாடகமும் ஒரே இரவில், ஒரே களத்தில். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் பெண் பிள்ளைகளையும் மேடையேற்றியது.

ஆள் இருக்கிறார்கள், கலை இருக்கிறது. எனக்கு இருக்கும் ஒரே ஏக்கம் தேதி. இந்த ஊரில், இந்தக் கிழமையில், இந்த நேரத்தில் நாடகம் கட்டாயம் உண்டு என்று ஒரு சாதாரணக் குடும்பம் சொல்லிக்கொள்ளும் இடம் நம்மிடம் மிகக் குறைவு. விழா வந்தால் ஐந்து நாள் கொண்டாட்டம், அப்புறம் ஆறு மாதம் பூட்டு. டிசம்பர் கச்சேரிக்குச் சென்னை எப்படிப் பழகியது? வருடா வருடம் அதே மாதத்தில், அதே சபாவில் நடந்ததால்தானே?

இளைஞர், வியாசர்பாடி: எங்கள் தெருவிலேயே ஒரு சின்னக் கூடம் எடுத்து நாடகம் நடத்துகிறோம். வெளியூர் ஆட்கள் வருகிறார்கள், எங்கள் தெரு ஆட்கள் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தக் கேள்வியைத்தான் எல்லா அரங்கக்காரர்களும் கேட்டிருக்க வேண்டும். நீங்கள் கேட்டதற்கு நன்றி.

டெல்லியில் ஷாதி காம்பூர் என்ற நெருக்கமான குடியிருப்பில் ‘ஸ்டுடியோ சப்தர்’ என்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. ஜன நாட்டிய மஞ்ச் குழுவினர் 2012-ல் திறந்தது. பக்கத்திலேயே மே டே புத்தகக் கடை. அந்தக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவரான சப்தர் ஹாஷ்மியைத் தெரியும்தானே? 1989 புத்தாண்டு அன்று, சாகிபாபாத்தில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் வீதி நாடகம் ஆடிக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டார். மறுநாள் உயிர் பிரிந்தது. ஜனவரி 4 அன்று அவருடைய மனைவி மலயஸ்ரீயும் குழுவினரும் அதே இடத்துக்குத் திரும்பிப் போய், பாதியில் நின்ற நாடகத்தை முழுக்க ஆடி முடித்தார்கள். அந்தக் குழு, தனக்கென்று ஓர் இடம் தேடியபோது மால் பக்கம் போகாமல் சாதாரண மக்கள் குடியிருக்கும் தெருவுக்குப் போனது. நீங்கள் இருப்பதும் அப்படிப்பட்ட தெருவில்தான். அதை விட்டுவிடாதீர்கள்.

செய்ய வேண்டியவை எல்லாம் சின்னச் சின்ன வேலைகள். சுவரொட்டியில் ஆங்கிலத்தைக் குறையுங்கள். ஒத்திகையின்போது கதவைத் திறந்து வையுங்கள். பிள்ளைகள் முதலில் வருவார்கள், பின்னாலேயே அவர்களைத் தேடி அம்மாக்கள் வருவார்கள், ஒரு நாடகம் பாதி பார்த்தாகிவிடும். பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்க, காலையில் கூடத்தைக் கொடுங்கள். விசிறியும் விளக்கும் உள்ள இடம் சும்மா பூட்டிக் கிடக்கக் கூடாது. டீயைத் தெருமுனைக் கடையிலேயே வாங்குங்கள். காட்சி அன்று முதல் வரிசை தெருக்காரர்களுக்கு என்று வைத்து, வீடு வீடாகப் போய், கல்யாணப் பத்திரிகை வைப்பது போல நேரில் அழையுங்கள். வாசலில் நிற்பவர்களிடம் “உள்ள வாங்க அண்ணே, உக்காருங்க” என்று சொல்ல ஒரு ஆளை நிறுத்துங்கள், அதுவும் உங்கள் தெருப் பையனாக இருக்கட்டும். தயங்குவது நாடகம் பிடிக்காமல் இல்லை, இது நமக்கான இடமா என்று தெரியாமல்.

இல்லத்தரசி, ஈரோடு: எனக்கு 52 வயது. சின்ன வயதில் பள்ளியில் நடித்தது. இப்போது ஏதாவது ஓர் அரங்கத்தில் சேர முடியுமா?

தாராளமாக. அம்மா, பாட்டி வேடத்துக்கு இருபத்தைந்து வயதுப் பெண்ணின் தலையில் வெள்ளைப் பவுடர் கொட்டி நாங்கள் அலுத்துவிட்டோம். முதலில் டிக்கெட் மேசையில் உட்காருங்கள், ஆடைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள், ஒத்திகைக்குப் பிரதி வாசித்துக் கொடுங்கள். ஒரு மாதத்தில் யாராவது ஒரு இயக்குநர் உங்கள் குரலைக் கவனித்துவிடுவார்.

நண்பர்கள் ஆறு பேர், திருவாரூர்: இடமும் இல்லை, பணமும் இல்லை. ஆர்வம் மட்டும் இருக்கிறது. சங்கம் பதிவு செய்துவிட்டுத் தொடங்கலாமா?

பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும், அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரு கிழமையை முடிவு செய்யுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை, மாலை ஆறரை என்று வைத்துக்கொள்வோம். இடம் யாருடைய மொட்டை மாடியாகவும் இருக்கலாம், நூலகத்தின் வாசிப்பு அறையாகவும் இருக்கலாம். ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து ஒரு நாடகத்தைப் பாத்திரம் பிரித்து உரக்க வாசியுங்கள். ஒரு மணி நேரம், பிறகு அரை மணி பேச்சு. யார் வந்தாலும் வராவிட்டாலும் அந்த நாளை மாற்றாதீர்கள். கல்யாணம் வந்தாலும் இரண்டு பேராவது உட்கார்ந்து வாசியுங்கள். வந்தவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள்; பின்னால் அரங்கம் கேட்டு நகராட்சிக்கோ ஒரு புரவலரிடமோ போகும்போது அந்த நோட்டைத்தான் மேசையில் வைக்கப் போகிறீர்கள். வாசிப்புக்கு நாடகப் பிரதிகள் தேவைப்பட்டால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள். என்னிடம் இருப்பதைப் பிரதி எடுத்து அனுப்புகிறேன்.